பிரேக்கில் ஒரு கால்

முன்னறையில் விரித்த செய்தித்தாள்கள்மேல், கணவனின் அப்பா ஓட்டிய பழைய மோட்டார்சைக்கிள் நிற்கிறது. சாயங்காலம் அதில் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. சன்னல்வழி வந்த வெயில் பெட்ரோல் டாங்கில் வரிவரியாக விழுந்திருக்கிறது. மனைவி சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறாள். கணவன் தரையில் சம்மணமிட்டு, எஞ்சின் பக்கம் செயின் மாட்டும் பல்சக்கரமான, பல் தேய்ந்த முன் ஸ்பிராக்கெட்டின் நட்டைத் திருகுகிறான். நட்டோடு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்து சுற்றுகிறது. "இன்னும் அழுத்தி மிதிம்மா." "இதுக்கு மேல மிதிச்சா தரை ஓட்டையாயிடும்." அவள் குனிந்து பார்க்கிறாள். கழற்றிய செயின் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக்கொண்டிருக்கிறது. "செயின முதல்லயே கழட்டிட்டீங்களா? நான் மிதிச்சா பின்சக்கரம்தானே நிக்கும்? முன்னாடி சுத்துறத எது பிடிக்கும்?" அவன் ஸ்பேனரையே பார்க்கிறான், தப்பு அதனுடையது என்பதுபோல. பிறகு சொட்டச் சொட்டச் செயினை எடுத்து மறுபடி மாட்டுகிறான். அவன் மூக்கு நுனியில் கிரீஸ், அவள் சொல்லவில்லை. மிதிக்கிறாள். டக்கென்று நட்டு இளகுகிறது. "அவ்வளவுதான், இறங்கு." அவள் இறங்கவில்லை. இரண்டு கைகளும் கைப்பிடியில், கண்கள் எதிர்ச்சுவரில். "பீச்சுக்குப் போற பாதி வழியில எப்படிங்க இறங்குறது?"