கடைசி ஜாயின்ட்

பள்ளத்தில் குழாயின் இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் ஆலைக்காரர்.

துறைமுகத்தில் தொடங்கி ஒன்றரை வருடமாகக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டே வந்தது எங்கள் அணி. சுத்திகரிப்பு ஆலையில் தொடங்கி எதிரே வந்தது அவருடைய அணி. நடுவில் மிச்சம் இருந்தது இந்த ஒரு ஜாயின்ட்தான். அணிக்கு ஒரு வெல்டர் இறங்கி ஆளுக்குப் பாதி வட்டம் போட வேண்டும்.

எங்கள் அணியில் என்னை விட்டால் இதற்கு ஆள் கிடையாது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

மற்ற ஜாயின்ட்டுகளையெல்லாம் குழாயில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. கடைசி ஜாயின்ட்டுக்கு அந்த வசதி இல்லை. எக்ஸ்ரே ஃபிலிம் சொல்வதுதான் தீர்ப்பு. துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது. ஃபிலிமில் கடுகளவு குமிழ் தெரிந்தாலும் அறுத்துப் போடுவார்கள். அந்தப் பாதியைப் போட்டவர் பெயரும் அத்தோடு கெட்டது.

கரையில் இரண்டு அணியும் நின்று வேடிக்கை பார்த்தன. கெட்டால் ஆலைக்காரர் பாதிதான் கெடும் என்று எங்கள் ஃபோர்மேன் அடித்துச் சொன்னார்.

முகமூடியை இறக்கினேன். எதிரேயும் பொறி பறந்தது.

இருவரும் குழாயின் உச்சியில் தொடங்கி அடிவரை இறங்க வேண்டும். ஒருவர் முந்தினால் இரும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். காதுதான் துணை.

அவர் வெல்டிங் ராடு மாற்றியபோது நானும் மாற்றினேன். அவர் கசடு தட்டும் சத்தம் கேட்டதும் நானும் சுத்தியலை எடுத்தேன்.

அடிப்பக்கம் வந்தால் அவர் கொஞ்சம் தாமதிப்பார். மண்டி போட இடது முழங்கால் ஒத்துழைக்காது. எதிராளியைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதும் தொழில்தான். அவருக்காக ஒரு மூச்சு நிதானித்தேன்.

அடியில் இரண்டு நெருப்பும் தொட்டுக்கொண்டன.

எக்ஸ்ரே எடுத்த ஃபிலிமை வேனுக்குள் கழுவி முடிக்கும்வரை வெளியே நின்றோம். நான் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, ஃபிலிம்களை விளக்குப் பலகையில் வரிசையாக வைத்தார். நான் முதலில் பார்த்தது என் பாதியை அல்ல, ஆலைக்காரர் பாதியை. குறை கண்டுபிடிக்க வந்தவரைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. என் பாதியை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் லென்ஸை வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"முழுசும் ஒரே கை போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு பாதியும் பாஸ்."

கரையில் எழுந்த கூச்சல் வேனுக்குள் கேட்டது. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. நாளைக்கு இதன்மேல் மண் விழும், புல் முளைக்கும். காலுக்குக் கீழே எண்ணெய் ஓடுவது இங்கே நிற்பவர் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருந்தால்தான் எங்களுக்குப் பெருமை.

வேனை விட்டு இறங்கியதும் ஆலைக்காரர் என் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் போனில் மட்டும் கேட்ட குரல்.

"இனிமே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் லீவு போட வேண்டாம். பசங்க நம்மள சேர்த்துப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

சரி என்றேன். ஆனால் பஸ் ஏறும்போது சொல்லிவிட்டேன், என் பாதிதான் ஓர் இழை மேல் என்று. வீட்டுக்காரர் என்பதற்காக அதையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது.