பெயர் கேட்கும் ஸ்கிரிப்ட்

அவள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் அவள் கணவன் தனசேகர் போனை ஸ்பீக்கரில் போட்டு, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தான். போனில் மெர்லின். அவன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஏற்றபடி அதை எப்படித் தயார் செய்வதென்று காலையிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

உதவாத கேப்ஸ் லாக் பொத்தானை உருப்படியான வேலைக்கு மாற்றியாயிற்று. சாயங்காலமானால் எல்லாவற்றையும் தானே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடாகிவிட்டது. திரையைக் கறுப்பாக்கச் சொன்னான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னான். கண்ணுக்கு நல்லதாம்.

மெர்லின் கண்ணைப் பற்றி இவனுக்கென்ன?

அப்படித் தோன்றியதுமே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தானும் நிரல் எழுதும் வேலை பார்க்கிறவள்தான். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்வதுதான்.

"இப்ப நான் அனுப்பின குட்டி ப்ரோக்ராம், அந்த ஸ்கிரிப்டை ஓட்டுங்க. பேர் கேக்கும். அடிச்சிட்டு என்டர் தட்டுங்க, போதும்."

போனுக்குள் பொத்தான்கள் தட்டப்படும் சத்தம்.

பிறகு ஒரு சிரிப்பு.

"ஐயோ தனா, பேரைச் சொல்லிக் கூப்பிடுது! 'வா, மெர்லின்'ங்குது!"

அவனும் சிரித்தான்.

அவள் கையிலிருந்த கீரைத்தண்டு இரண்டாக ஒடிந்தது.

கல்யாணத்துக்கு முன்பு இருவருக்கும் ஒரே அலுவலகம். அவளுக்குக் கொடுத்திருந்த கணினி காலையில் எழுந்திருக்கவே முக்கி முனகும். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அவன் அவள் இடத்தில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். என்னவென்று சொல்லவில்லை.

மறுநாள் காலை, கணினிக்குக் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்தாள். முதல் வரி காத்திருந்தது.

வா, கோதை.

அதன் கீழே, முந்தின நாள் அவள் பாதியில் விட்ட கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

எல்லோருக்கும் அவள் பூங்கோதை. வீட்டில் பாப்பா. கோதை என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தோழிகள் மோதிரத்தையும் புடவையையும் காட்டியபோது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கணினிகள் மாறின. ஒவ்வொன்றிலும் முதல் காரியமாக அந்த வரியைத்தான் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனை வைத்துவிட்டு அவன் தூங்கப் போனான்.

இருவருக்கும் பொதுவான கோப்புறையில் ஸ்கிரிப்ட் இருந்தது. திறந்தாள். நீளமாக வளர்ந்திருந்தது. நடுவில் அந்த வரி. 'வா' இருந்தது. காற்புள்ளி இருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில், யார் பெயரையும் வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு குழி.

படிக்கிறவர்களுக்காக மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்.

'முதலில் ஒருவருக்காக எழுதியது. இப்போது எல்லோருக்கும் பயன்படும்.'

அவள் தன் கணினியில் அதை ஓட்டினாள்.

பெயர் கேட்டது.

விரல்கள் பொத்தான்கள் மேல் கொஞ்ச நேரம் இருந்தன. ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினாள். அதற்கும் அது ஒத்துக்கொண்டது.

வா,

அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தக் காற்புள்ளிக்குக் கீழேதான் வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும்.

புதன்கிழமை காலை சார்ஜரைத் தேடிக்கொண்டு வந்தவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"என்ன, உன் பேரைக் காணோம்?"

"யாரு வேணா வரலாம்னு விட்டுட்டேன்."

இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.



அவன் நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான். உட்கார்ந்தான். அவன் தோள் அவள் தோளில் பட்டது. அவள் பொத்தான்களிலிருந்து கையை எடுத்து இடம் விட்டாள்.

அவன் அவள் பெயரை அடித்தான்.

வா, கோதை.

அதற்குப் பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஸ்கிரிப்டைத் திறந்தான். அந்த வரிக்கு மேலே இன்னும் சில வரிகள் சேர்த்தான். பெயர் கொடுக்காமல் என்டரைத் தட்டிப் பார்த்தான். மறுபடி பெயர் கேட்டது. இன்னொரு தடவை தட்டினான். மறுபடியும் கேட்டது.

போனை எடுத்து, திருத்தியதை மெர்லினுக்கும் அனுப்பினான்.

"நல்லவேளை, இந்தத் தப்பை நீ பாத்தே" என்றான். அவன் முகத்தில் உண்மையான நன்றி இருந்தது.

"இனிமே யாரு பேரும் விட்டுப்போகாது."