நாக்கைத் தூக்கு

மனநல மருத்துவமனையில் மாத்திரை கொடுத்ததும் நர்ஸ், "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்பார். விழுங்காமல் ஒளித்துவைத்துப் பிறகு துப்பிவிடுகிறவர்கள் உண்டு. என் தங்கை அரசி ஒன்பது வருடமாக அப்படி வாயைக் காட்டியிருக்கிறாள். வீட்டில் இருக்கும் நாட்களில் அதைப் பார்ப்பது என் வேலை.

போன வாரம், புதிதாக வந்த டாக்டரிடம் அவள் நிதானமாகச் சொன்னாள்: "வேண்டாம் டாக்டர். அதைப் போட்டா பசிகூட வேற யாருக்கோ பசிக்கிற மாதிரி இருக்கு."

டாக்டர் வெகுநேரம் அவளோடு பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, "புரிஞ்சுதான் சொல்றாங்க. கட்டாயப்படுத்தாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். பஸ் ஏறும் முன்பே, "பசிக்குதுண்ணே" என்றாள் அரசி. வாங்கித் தந்த நாலு இட்லியும் போதவில்லை.

நான்கு நாள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் காலை, ஜன்னலைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். ஒரே ஒரு தரம்தான்.

மத்தியானம் என் மனைவி தெய்வானை மாத்திரையைக் கரண்டியால் நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்தாள். "ஊறுகாய் வச்சுட்டா கசப்பு தெரியாதுங்க" என்றாள். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

முதல் கவளத்திலேயே அரசி நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, என் முன்னால் வந்து நின்றாள். யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

நானும் குனிந்து பார்த்தேன்.