மெட்டல் மாப்பிள்ளை

“என்ன தொழில் பண்றீங்க தம்பி?” பெண் பார்க்க வந்த லியோவிடம் கேட்டார், டிப்பர் லாரி ஓட்டும் சவரிநாதன்.

“மெட்டலுங்க.”

ரோட்டுக்குப் போடும் மெட்டல், ஜல்லி கிரஷர்! சவரிநாதனின் முகம் மலர்ந்தது.

“மெஷினா, கையாலயா?”

“பாதி கரண்டு, பாதி கைங்க.”

“சத்தத்துக்கு ஊர்ல பெட்டிஷன் போடுவாங்களே?”

“போட்டாங்க. ஊருக்கு வெளிய ஷெட்டு போட்டுட்டோம்.”

“நல்லது. ஜல்லி அடிக்க இனிமே நம்ம டிப்பர்தான்.”

“ஜல்லியா? இது பாட்டு மாமா. ஹெவி மெட்டல் பேண்டு. கிட்டாரோட தவிலு, உறுமியும் வாசிப்போம்.”

சவரிநாதன் துள்ளி எழுந்தார். “டி.வி.ல பேயாட்டம் கத்துவானுகளே, அதா? எம்பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. கத்துறவனுக்கெல்லாம் அவளக் குடுக்க முடியாது!”

காபித் தட்டோடு தலைகுனிந்து நின்ற ஆக்னஸை லியோ ஓரக்கண்ணால் பார்த்தான்.

“நான் தவிலுதாங்க மாமா. எங்க பேண்டுல கத்துறது ஒங்க பொண்ணு!”