குமரவேலை எடுப்பார்களா

குமரவேலின் அம்மா அஞ்சலாட்சி என் மேசைமேல் அவன் ஜெர்சியை வைத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, எண் மேலே தெரியும்படி மடித்திருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவள் வந்து நிற்பாள் என்று யார் நினைத்தது?

எங்கள் பாஸ்கெட்பால் கிளப்பில் யாரையும் வாயால் 'வேண்டாம்' என்று சொல்லும் வழக்கமில்லை. ஜூன் மாதம் ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் ஜெர்சியைத் துவைத்துக் கொண்டுவந்து செயலாளர் மேசையில் வைப்பான். செயலாளர் நான்தான். திருப்பிக் கொடுத்தால் இன்னொரு வருஷம் ஆடலாம். எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் வேறு கிளப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அழுகையெல்லாம் தெருவுக்குப் போய்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் சேதி சொல்லி அனுப்பிச்சீங்களாம். எம் புள்ளைக்கு மட்டும் வரலியே சார்" என்றாள்.

நான் கோச் ஜான்-பத்திஸ்த்தைப் பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பையன்கள் 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்று சொல்லி நடுங்குகிற மனுஷன், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல துணை எனக்கு.

"ஆட்டக்காரன் நேர்ல வரணும்மா. அதான் வழக்கம்."

"அவனால வர முடியல. அதான் நான் வந்தேன்."

கடலோரத்து வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். தலையில் மீன் கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கூடையை ஒரு நாள் எட்டி இறக்கிவைத்த மகனின் நீளக் கையைப் பார்த்துத்தான் ஜான்-பத்திஸ்த் அவனைக் கையோடு மைதானத்துக்கு இழுத்துவந்தார்.

குமரவேலை வேண்டாம் என்று முடிவுசெய்தது எப்போதோ நடந்து முடிந்த விஷயம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசியில் அவனுக்கு, யாரும் மறிக்காமல் நின்று போடுகிற ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தது. இரண்டும் விழுந்தால் கோப்பை. இரண்டையும் வெளியே போட்டான். பத்தொன்பது வயசுப் பையன். கோச்சும் நானும் பேசி, அவன் இடத்துக்கு அரியாங்குப்பத்துப் பையன் ஒருவனைப் பார்த்துவைத்தோம். அணியில் பன்னிரண்டு பேர்தான். ஒருவன் வந்தால் ஒருவன் போகத்தான் வேண்டும்.

குமரவேலிடம் சொல்லவில்லை. ஜூனில் ஜெர்சியை வாங்கி வைத்தால் தெரிந்துகொள்ளப் போகிறான், இப்போதே எதற்கு என்று விட்டுவிட்டோம்.

இப்போது அவன் அம்மா நிற்கிறாள்.

பேசாமல் எடுத்து நீட்டிவிடலாம்தான். ஆனால் கேட்ட விலைக்கு மீன் வாங்குகிறவனை அவள் நம்பமாட்டாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"ஃப்ரீ த்ரோ ஒழுங்கா போடத் தெரியலியேம்மா."

"ரெண்டு வாட்டி தப்பிப் போச்சு. அதுக்கு முன்ன எத்தினி போட்டான், அத்த யாரு எண்றது?"

"ஷூவ ஒரே வருஷத்துல கிழிச்சுடறான்."

"உங்களுக்கு ஆடித்தான கிழியுது. எங்கூட்டுக் கல்யாணத்துக்கா போட்டுக்கினு போனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, "வேற கிளப்புல யாரும் கேக்கலியா?" என்றேன்.

"கேட்டாங்க. முசியேவ உட்டுட்டு நான் எங்கியும் போவமாட்டேன்னுட்டான்."

அப்போதுதான் ஜான்-பத்திஸ்த் தலையை நிமிர்த்தினார்.

"வெச்சுக்கலாம், தணிகாசலம். ஃப்ரீ த்ரோ நான் சொல்லித் தரேன். தெனம் நூறு போட வெக்கறேன்."

எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

நான் ஜெர்சியை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அப்ப, அவன் இருந்திருந்தா எடுத்திருப்பீங்க" என்றாள்.

அவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தேயிருக்கிறது. குப்பத்தில் எல்லோரும் எங்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை, இன்னும் அவனுக்குச் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கிறாள், அவன் போய்விட்டான் என்று மட்டும் அவள் எதிரில் சொல்லிவிடாதீர்கள் என்று. அதை நம்பித்தான் இவ்வளவு நேரம் இரண்டு கிழவன்களும் நடித்துக்கொண்டிருந்தோம்.

"கிறிஸ்துமஸுக்கு மறுநா, கடல் உள்ள வந்த அந்த ஞாயித்துக்கெழம காலையில, கரையில கெடந்த வலைய எடுக்கப் போவசொல்லகூட கேட்டான் சார். 'கிளப்புல என்னிய எடுப்பாங்களாம்மா'ன்னான். 'போயி வேலையப் பாருடா, வந்து பேசிக்கலாம்'னேன்."

அவள் அழவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

"நாளைக்குக் கருமாதி. இத்தினி மாசமா நாந்தான் செய்ய உடல. கேட்டதுக்குப் பதில் சொல்லாம புள்ளைய எப்படி அனுப்பறது?"

வாசல்வரை போனவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாள் முழுக்க ஆட்களை எடைபோட்டு வியாபாரம் செய்கிற கண்.

"நெசமாத்தான சொன்னீங்க? எனக்காவ சொல்லலியே?"

ஜான்-பத்திஸ்த் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

"நெசந்தாம்மா" என்றேன். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம்."