இடுப்பெலும்புப் படம்

அல்பிரட் கண்டக்குழிக் கடலில் காற்றுச் சிலிண்டர் கட்டிச் சங்கு குளித்தவர். இப்போது கதிரையை விட்டு எழும்பவே இடுப்பு விடுவதில்லை. மகள் அஜித்தா போனில் மருத்துவ ஆராய்ச்சித் தளமொன்றில் தேடிக்கொண்டிருந்தாள்.

"கடலுக்கடியில சுழியோடுற ஆக்களுக்கு ரத்தம் போகாம இடுப்பெலும்பு செத்துப்போகுமாம் அப்பா. ஆரம்பத்திலயே கண்டு, சங்கு குளிக்கிறத நிப்பாட்டினவங்க தப்பியிருக்காங்களாம்."

"எங்களையும் ஒருக்கா ஆராய்ச்சி எண்டு பஸ்ஸில கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாங்க. பிறகு ஒரு கதையும் இல்ல. பிழை இருந்தாச் சொல்லியிருப்பாங்கதானே? அந்தத் தைரியத்திலதான் திரும்பவும் இறங்கினன்."

அஜித்தா வாசித்துக்கொண்டிருந்த கட்டுரையைக் கீழே தள்ளினாள். கட்டுரையில் ஒரு எக்ஸ்ரே படம் இருந்தது. அதில், சாகத் தொடங்கிய இடுப்பெலும்புக்குக் கீழே, சண்டைக் காலத்தில் அப்பாவின் தொடையில் புதைந்த வளைந்த ஷெல் குண்டுத் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்திலும் அதே துண்டுதான். கட்டுரை வெளிவந்து எட்டு வருடமாகியிருந்தது.

போனை அவரிடம் நீட்டினாள். அவர் படத்திலிருந்த துண்டின் மேல் விரல் வைத்தார்.

"இது நான்தானே. என்ட பேரும் போட்டிருக்கா?"

"இல்ல அப்பா. கண்டுபிடிச்ச ஆக்கள்ட பேர்தான் இருக்கு."