பின்னோக்கி

ஆப்பிரிக்கக் காட்டுப் பாதையின் நடுவில் நின்ற கொம்பன் யானை காதுகளை விரித்தது. ஜீப்பை ஓட்டிவந்த மகன் கதிரேசன், “திருப்பிரலாம்ப்பா” என்றான்.

விருத்தகிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. கல்யாணப் பேச்சிலிருந்தே தம் குடும்பப் பெருமையை அவரிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்.

“முதுகு காட்டுறது நம்ம வம்சத்துல கிடையாது. திருப்பாதே.”

“உங்க வம்சம் யானைக்குத் தெரியாதே சம்பந்தி!” அவர் ஏற்கெனவே சீட்டுக்குக் கீழே குனிந்திருந்தார்.

யானை ஓரடி முன்னால் வைத்தது.

மனைவி அலமேலு பின்சீட்டிலிருந்து கேட்டாள்: “சாமி கும்பிட்டுட்டு சன்னதியிலேருந்து எப்படிங்க வெளிய வருவீங்க?”

“சாமியப் பாத்துக்கிட்டே, பின்னால நடந்து.”

“அப்படியே போலாமே.”

ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து, திறந்த கூரை வழியே நிமிர்ந்து நின்று யானையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“கதிரேசா, ரிவர்ஸ் போடு. ஓடுற மாதிரி இருக்கக் கூடாது.”

வண்டி பின்னால் நகர்ந்தது. யானையும் கூடவே வந்தது.

“வேகமாப் போகட்டுமாப்பா?” என்றான் மகன்.

“கூடாது” என்றார், கூப்பிய கையை இறக்காமல். யானையின் நிழல் வண்டியின் மூக்கில் ஏறியது.